எதற்கும் இன்னொரு கேள்வி

“தலை வலிக்குதா?” என்று டாக்டர் கேட்டார்.

மாவு மில்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆமாங்க” என்றார்.

மாத்திரை எழுதப் பேனாவைத் திறந்த டாக்டர், எழுதாமல் மூடிவிட்டார்.

போன மாதம் ஒருவருடைய மாரடைப்பை வாயுத்தொல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியவர் இவர். ஆள் பிழைத்தது இவர் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. அப்புறம் டாக்டர்களுக்கெல்லாம் கூட்டம் போட்டார்கள். எழுதுவதற்கு முன் நிறுத்து, வேறு என்னவாக இருக்கும் என்று உன்னையே கேள். இதைச் சொல்ல ஒரு கூட்டம், டீ, பிஸ்கட். இன்னொரு தப்பு நடந்தால் கிளினிக்கை இழுத்து மூடவேண்டியதுதான்.

டாக்டர் கண்ணை மூடி யோசித்தார்.

“நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கா?”

“ஆமாங்க.”

“இடது கை மரத்துப்போகுதா?”

“ஆமாங்க.”

நர்ஸ் மெதுவாகச் சொன்னாள். “டாக்டர், எல்லாத்துக்கும் ஆமாங்கறாரு.”

“அதாம்மா பயமா இருக்கு.”

நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். கோடு ஒழுங்காக ஓடியது. போன மாதத்து டாக்டராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். இவர் மறுபடி கண்ணை மூடினார்.

“நல்லாத்தானே இருக்கு, டாக்டர்?” என்றாள் நர்ஸ்.

“நல்லா இருக்கறதுதான் சந்தேகமா இருக்கு. ஐயா, ராத்திரி தூக்கம் வருதா?”

“ஆமாங்க.”

“வரலையா?”

“ஆமாங்க.”

டாக்டர் நர்ஸைத் தனியே இழுத்துப்போனார். “புத்தி தடுமாறுது. மூளைக்கு ரத்தம் போகலை. ஆம்புலன்ஸுக்குப் போன் போடும்மா.”

மில்காரர் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். பதட்டமும் சேர்ந்துகொண்டது என்று டாக்டர் அவரை அமுக்கிப் படுக்கவைத்தார்.

“மில்லுல ஆள் காத்துட்டிருக்குங்க. ரெண்டு சொட்டு விட்டீங்கன்னா கிளம்பிடுவேன்.”

“ரெண்டு சொட்டு எதுக்குய்யா, முழு பாட்டிலே ஏத்திடறேன்” என்று டாக்டர் குளுக்கோஸை மாட்டினார்.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் மூக்குக் குழாயோடு மில்காரர் ஏறும்போதுதான், ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்த அவர் மனைவி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

“கொஞ்சம் தைரியமா இருங்கம்மா” என்றார் டாக்டர். “இவ்வளவு பொறுமையா நான் யாரையும் விசாரிச்சதில்லை. கேட்ட எல்லாத்துக்கும் அவரே வாயால சொன்னாரு.”

அவள் புருஷனைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள்.

“காதடைப்புக்கு ஆம்புலன்ஸா? ஒரு வாரமா இவரு பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காதே, நீங்க யாரை டாக்டர் விசாரிச்சீங்க?”