அரை அங்குலம்

"இடுப்புல ஒரு அரை அங்குலம் விட்டுக் கொடுங்க, டெய்லரே. வீட்டுக்குத் தெரியக் கூடாது."

திங்கட்கிழமை காலை. கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அதன் கீழே குனிந்து நுழைவதே பேங்க் கேஷியருக்குப் பெரும்பாடாகிவிட்டது. மூச்சு வாங்கியபடி ஒரு காகிதப் பையை மேஜைமேல் வைத்தார்.

டெய்லர் பையைப் பிரித்தார். சாம்பல் நிற பேண்ட். இடுப்புப் பட்டியைத் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்த்தவருக்குத் திக்கென்றது. அது அவரே போட்ட தையல். சனிக்கிழமை சாயங்காலம் போட்டது. நூலின் மினுமினுப்புகூட இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை அதைக் கொண்டுவந்தவர் கேஷியரின் மனைவி. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"அரை அங்குலம் பிடிச்சுக் கொடுங்கண்ணே. அவருக்குத் தெரியக் கூடாது" என்று அவரும் இதே மேஜைக்கு முன்னால்தான் குரலைத் தாழ்த்தியிருந்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் சுகாதார நிலையம் நடத்திய பருமன் தடுப்பு முகாம். நர்ஸ் தெருத் தெருவாக வந்து எடை, இடுப்பு, சர்க்கரை மூன்றையும் பார்த்தார். கேஷியருக்கு மூன்றுமே எல்லை தாண்டியிருந்தன. "இப்பவே உடம்பைக் குறைச்சா தப்பிச்சீங்க. இல்லேன்னா காலம் பூரா மாத்திரைதான்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

டீச்சர் சொல்லிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், பேசாமல் இருந்தும் பார்த்தார். எடை பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கி வைத்தார். கேஷியர் அதிலிருந்த பேட்டரியைக் கழற்றி டி.வி. ரிமோட்டில் போட்டுக்கொண்டார்.

"மிஷின் பொய் சொல்லுதும்பார், டாக்டர் பயமுறுத்துறாரும்பார். போட்டிருக்கிற பேண்ட்டே இறுக்கினா யாரைக் குறை சொல்வார்? அப்பவாவது வாயைக் கட்டுவார்ல?" என்பது டீச்சரின் கணக்கு.

கேஷியரின் கணக்கு வேறு. "பேண்ட் இறுக்குதுன்னு அவளுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான், சாப்பாட்டுத் தட்டையே ஒளிச்சு வெச்சிடுவா. அரை அங்குலம் விட்டுட்டா வீட்டுல நிம்மதி. குடும்பம்னா விட்டுக் கொடுத்துத்தானே போகணும்?"

வாடிக்கையாளரின் இடுப்பளவு கடை வாசலைத் தாண்டக் கூடாது என்பது டெய்லர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து காத்துவரும் தர்மம். டீச்சருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. இப்போது இவருக்கும் கொடுத்தார். தலையைக் குனிந்துகொண்டு தையலைப் பிரித்து விட்டுக் கொடுத்தார். கடையின் பின்பக்கம் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் வந்தபோது முகம் பூத்துக் கிடந்தது. ஒரு கையில் பேண்ட், மறு கையில் டப்பா.

"அண்ணே, நீங்க அரை அங்குலம் பிடிச்சீங்க இல்ல? அப்படியும் வாரம் முழுக்க சுலபமா மாட்டிட்டுப் போறார். இளைச்சிட்டார்! சந்தோஷம் தாங்காம நேத்து அவருக்கு கேக் செஞ்சு கொடுத்தேன். பாவம், எத்தனை நாளா ஏங்கிட்டு இருந்தார். இந்தாங்க, உங்களுக்கும் ரெண்டு துண்டு. இன்னும் ஒரு அரை அங்குலம் பிடிங்க."

டெய்லர் பிடித்தார்.

திங்கட்கிழமை கேஷியர் வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"போன வாரம்தானே விட்டீங்க? மறுபடியும் இறுக்குது! இன்னொரு அரை அங்குலம் விடுங்க."

டெய்லர் விட்டார்.

இப்படியே வாரங்கள் ஓடின. சனிக்கிழமை பிடிப்பு, திங்கட்கிழமை விடுப்பு. டீச்சரின் கணக்கில் கேஷியர் வாராவாரம் இளைத்துக்கொண்டே வந்தார். அதற்குப் பரிசாக வாராவாரம் ஒரு கேக். கேஷியரின் கணக்கில் அவர் வாராவாரம் பெருத்துக்கொண்டே போனார். மொத்தத்தில் பேண்ட் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை கேஷியர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"என்னால முடியல, டெய்லரே. நானும் கூட்டிப் பார்த்துட்டேன். ரெண்டு அங்குலத்துக்கு மேல விட்டாச்சு. இப்படியே போனா பேங்க்ல என் கூண்டுக் கதவை இடிச்சுத்தான் கட்டணும். டாக்டர் சொன்னப்பக்கூட நான் பயப்படல. இப்ப பயமா இருக்கு. நீங்க மட்டும் எப்படி இப்படி சிக்குனு இருக்கீங்க?"

டெய்லருக்கு நாக்கு நுனிவரை உண்மை வந்தது. ஆனால் டீச்சருக்குக் கொடுத்த வாக்கு தடுத்தது. உண்மையைச் சொல்ல முடியாவிட்டாலும் நல்ல வழியையாவது சொல்லலாமே என்று நினைத்தார்.

"நானும் ஒரு காலத்துல தொந்தியும் தொப்பையுமாத்தான் சார் இருந்தேன். போன வருஷம் என் பேண்ட் எல்லாம் ஒண்ணொண்ணா இறுக்க ஆரம்பிச்சுது. எந்த டாக்டரும் எனக்கு சொல்லல. துணி சொல்லிச்சு, நான் கேட்டுக்கிட்டேன். சைக்கிளை வீட்டுல நிறுத்திட்டுக் கடைக்கு நடந்தே வந்தேன். ராத்திரி சாப்பாட்டுக்குச் சின்னத் தட்டா மாத்தினேன். பசிக்கு மட்டும் சாப்பிட்டேன், ருசிக்கு இல்ல. எல்லாம் மன உறுதிதான் சார்."

கேஷியர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். விடியற்காலையில் எழுந்து நடந்தார். பேங்குக்கும் நடந்தார். தட்டைச் சின்னதாக்கினார். டீச்சர் கொடுக்கும் கேக்கை மட்டும் வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல், பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து டெய்லர் தலையில் கட்டினார்.

டெய்லருக்கு இன்னொரு தலைவலி. பிரித்துத் தைத்து, தைத்துப் பிரித்து, பேண்ட்டின் பின்பக்கம் சல்லடையாகிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை ஊசி ஏறினால் கேஷியர் குனியும் நாளில் மானம் போகும். ஆகவே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி டீச்சர் கொண்டுவந்தால் பிடிக்கவே வேண்டாம். இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்துவிட வேண்டியது. பிடிக்காத பேண்ட் இறுக்காது. இறுக்காவிட்டால் கேஷியர் வரமாட்டார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கேஷியர் பேண்ட்டோடு வருவது நின்றுதான் போயிற்று. டெய்லர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அந்த நிம்மதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை டீச்சர் கேக் இல்லாமல் வந்தார். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, நீங்களும் வாராவாரம் பிடிச்சிட்டுத்தானே இருக்கீங்க? அப்படியும் பேண்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது. ஒரு கையால பிடிச்சுக்கிட்டே நடக்கிறார். முகம் வத்திப் போச்சு. கிழக்கு வெளுக்கறதுக்கு முன்னாடி எழுந்து எங்கயோ போறார், கேட்டா மழுப்புறார். எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஏதோ பெரிய வியாதி. என்கிட்ட மறைக்கிறார்."

"சேச்சே! அதெல்லாம் இருக்காது டீச்சர். துணி… துணி நெகிழ்ந்து கொடுத்திருக்கும்."

"மூணு அங்குலமா நெகிழும்?"

டெய்லர் விழித்த விழி டீச்சருக்கு வேறு அர்த்தத்தைச் சொன்னது.

"உங்களுக்கும் தெரியும்! உங்ககிட்ட சொல்லியிருக்கார், கட்டினவ என்கிட்ட சொல்லல!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

சாயங்காலமே கேஷியர் வந்தார்.

"டெய்லரே, வீட்டுல ஒரே அழுகை. நான் பெருத்ததை அவ எப்படியோ கண்டுபிடிச்சுட்டா. திங்கட்கிழமை சுகாதார நிலையத்துக்கு வந்தே ஆகணுமாம்."

"சார், நீங்க பெருக்கல. கண்ணாடியைப் பாருங்க, பேண்ட் எவ்வளவு லூசா இருக்கு!"

"நீங்க விட்டு விட்டுத்தானே லூசு? அந்தக் கணக்கு எனக்குத் தெரியாதா?" சோகமாகச் சிரித்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி போய்விட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் கடை வாசலில் மூன்று நிழல்கள் விழுந்தன. டீச்சர், கேஷியர், நடுவில் நர்ஸ். தப்பிக்கப் பின்வாசல் இல்லாத கடை அது.

"இந்த பேண்ட்டை நீங்க பிடிச்சீங்களா இல்லையா?" என்றார் டீச்சர்.

"பிடிச்சேன்."

"விட்டீங்களா இல்லையா?" என்றார் கேஷியர்.

"விட்டேன்."

"ரெண்டும் எப்படி நடக்கும்?"

"டீச்சர் பிடிச்சுக் கொடுங்கன்னாங்க. சார் விட்டுக் கொடுங்கன்னார். ரெண்டு பேருமே வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னீங்க. கடைசியில துணி தாங்காதுன்னு நான் ரெண்டையும் நிறுத்திட்டேன். அதையும் யார்கிட்டயும் சொல்லல" என்றார் டெய்லர்.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என் பேண்ட்டை நீ பிடிச்சியா?"

"நீங்க விட்டீங்களா? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க விட்டுக் கொடுத்தது அந்த பேண்ட் ஒண்ணைத்தான்!"

"கேக்கைக் கொடுத்துக் கொடுத்து என்னை…"

"நீங்க செத்துப் போயிடுவீங்களோன்னு நான் ராத்திரி எல்லாம் தூங்கல, தெரியுமா?"

கேஷியர் எதிர்பார்த்த திட்டு அதுவல்ல.

நர்ஸ் டெய்லரின் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி, கேஷியரின் இடுப்பைச் சுற்றினார். "சண்டையை நிறுத்துங்க. சுத்தமா மூணு அங்குலம் குறைஞ்சிருக்கு. சர்க்கரையும் இறங்கியிருக்கு, இப்பத்தான் பார்த்துட்டு வர்றோம். வியாதியும் இல்ல, பெருக்கவும் இல்ல. டாக்டரே எழுந்து வந்து கை கொடுத்தார்."

"எல்லாம் டெய்லர் சொன்ன வழி" என்றார் கேஷியர் மெதுவாக. பிறகு மனைவியின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டெய்லரே, மூணு அங்குலம் பிடிச்சுக் கொடுங்க. வீட்டுக்குத் தெரிஞ்சே" என்றார்.

"அது இனி தாங்காது. புதுசுக்கு அளவெடுங்கண்ணே, இனிமே பிரிச்சு விட முடியாதபடி உள்ள துணி விடாம தைங்க" என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அளவு கொடுத்துவிட்டு இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். நர்ஸ் மட்டும் டேப்பைச் சுருட்டியபடி நின்றார்.

டெய்லருக்கு உயிர் திரும்பியிருந்தது. கூடவே வாயும் திரும்பியது.

"படிச்ச டீச்சருக்கு இந்தத் திருட்டு யோசனை எப்படித்தான் வந்துச்சோ!"

"நான்தாண்ணே சொன்னேன்."

"நீங்களா? நல்ல ஆளுங்க நீங்க! ஏதோ நோட்டு எண்ணுறவர், ஏமாந்துட்டார். துணியைத் தொட்டாலே ஜாதகம் சொல்றவன்கிட்ட இதெல்லாம் பலிக்குமா?"

பின்பக்கம் பட்டன் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

நர்ஸ் அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

"எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே உங்க வீட்டம்மாதாண்ணே. போன வருஷம் உங்க பேண்ட் ஒண்ணொண்ணா கொண்டுவந்து, நீங்க மத்தியானம் குறட்டை விடுற நேரத்துல, இதே மெஷின்லதான் பிடிச்சாங்களாம்!"