நாள் 211, மாலை 4.41

தினம் ஒரு படம் எடுக்கிறேன் என்று ஆரம்பிக்கிற எவனுக்கும் ஒரு மாதத்துக்குள் தலைக்கனம் பிடித்துவிடும். இதை நான் அடித்துச் சொல்வேன். எனக்கு நாலாம் நாளே பிடித்துவிட்டது.

அப்போது எனக்கு இருபத்திநாலு வயது. வீடு குண்டசாலையில். வேலை கண்டி டவுனில், ஓர் இரும்புக் கடையில் பில் எழுதுவது. புதிதாக ஒரு போன் வாங்கியிருந்தேன். வருடம் முழுக்கத் தினமும் ஒரு படம் எடுத்து பேஸ்புக்கில் போடுவதென்று முடிவு செய்தேன். முதல் நாள் பஸ் கண்ணாடியில் மழைத்துளி. இரண்டாம் நாள் இன்னொரு பஸ், இன்னொரு மழைத்துளி. (கண்டியில் மழையைப் படம் எடுக்க எந்தத் திறமையும் வேண்டாம். போனை வெளியே நீட்டினால் போதும்.) நாலாம் நாள் பன்னிரண்டு பேர் லைக் போட்டார்கள். அதில் ஐந்து பேர் எங்கள் கடை ஆட்கள். அன்றிலிருந்து நான் கலைஞன்.

கலைஞனுக்குக் கொள்கை வேண்டுமே. எல்லோரும் படத்துக்குக் கீழே கவிதை எழுதினார்கள். நான் நேரம் எழுதினேன். எத்தனையாவது நாள், என்ன கிழமை, எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று துல்லியமாக. ஒரு நிமிடம்கூட முன்பின் இருக்காது. போட்ட படத்தை அழிக்கவும் மாட்டேன். "என் பக்கத்தில் பொய்க்கு இடமில்லை" என்று கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடை முதலாளி, பில்லிலும் அப்படியே இருந்தால் நல்லது என்றார்.

இந்தக் கூத்து நடந்த வருடத்தில்தான் கோமதி அக்காவுக்கு வரன் வந்தது. அக்காவுக்கு முப்பத்தொன்று. அதற்கு முன் இரண்டு இடம் பேசி முறிந்திருந்தது. ஒன்று ஜாதகப் பொருத்தம் இல்லாமல். மற்றது ஒரு காரணமும் சொல்லாமல். "யோசிச்சுச் சொல்றோம்" என்று போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இரண்டாவதுதான் அக்காவை மிகவும் வதைத்தது. மூன்றாவதாக வந்தவர் கெலிஓயாவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்து மூத்த மகன். பெண் பார்த்துவிட்டு அவர்கள் போனதும் அக்கா நேராகக் குசினிக்குள் போய், "அம்மா, எனக்கு இவரைப் புடிச்சிருக்கு" என்றாள். எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளை தங்கமான மனிதர். அவருடைய அம்மாவோ பஞ்சாங்கம் பார்க்காமல் பல்கூட விளக்க மாட்டார். நாங்கள் அவரை கெலிஓயா அத்தை என்போம். முன்பு ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது, வாசலில் கால் வைக்கும் நேரம் ராகு காலம் பிறந்துவிட்டது என்று அப்படியே திரும்பி வந்தவர் என்று தரகர் ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருந்தார். அக்கா அதை மறக்கவேயில்லை.

தட்டு மாற்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில். வெற்றிலை, பாக்கு, பழம், சேலை வைத்த தட்டை இரண்டு தகப்பன்மாரும் மாற்றிக்கொண்டால் கல்யாணம் உறுதி. ஞாயிறு மாலை நாலரைக்கு ராகு காலம் தொடங்குவதால், நாலு மணிக்குள் முடித்துவிடுவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டு வேன் இரண்டு மணிக்கே கெலிஓயாவை விட்டுவிட்டது. கண்டிக்குள் நுழைந்ததும் டவுன் நடுக் குளத்தருகே வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டது. மூன்றரைக்கு போன் எடுத்தால், "குளத்தைச் சுத்திக்கிட்டு இருக்கோம்" என்றார்கள். நாலு மணிக்கும் அதே குளம்தான்.

ஒழுங்கை முனையில் நின்று வேனுக்கு வழிகாட்ட என்னை அனுப்பினார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்குள் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து, பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கதிரையில் ஏறி, ஹாலில் இருந்த சுவர் மணிக்கூட்டை இருபத்தாறு நிமிடம் பின்னால் திருப்பி வைத்திருக்கிறாள். அப்பா பார்த்தார். அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டாள். மந்திரம் சொல்ல வந்த ஐயர் கண்ணை மூடி ஜெபத்தில் இறங்கிவிட்டார். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். "சொன்னா அதையும் ஏறி நின்னு படம் புடிச்சிருப்ப" என்றாள் அம்மா. நியாயம்தான்.

வேன் வந்து சேர்ந்தபோது உண்மையான நேரம் 4.33. சுவரில் 4.07. அத்தை பதறியபடி உள்ளே வந்தார், சுவரைப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். அவருடைய போன் வேனில் கைப்பைக்குள் கிடந்தது. ஆண்கள் இரண்டு தரப்பிலும் இருபது பேர் இருப்பார்கள். இருபது போன் இருந்தது. ஒருவரும் பையில் கை வைக்கவில்லை. வெயிலில் இரண்டரை மணி நேரம் வேனில் இருந்தவர்களுக்கு வடை வாசம் வந்தால் ராகுவாவது கேதுவாவது.

தட்டு மாறியது. நான் முக்காலியில் ஏறி நின்று எடுத்தேன். இரண்டு தகப்பன்மாரின் கைகள், தட்டு, பின்னால் அக்காவின் முகம், அதற்கு மேலே சுவர் மணிக்கூடு. அக்கா அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. இறங்கிய கையோடு பேஸ்புக்கில் போட்டேன். "நாள் 211. ஞாயிறு, மாலை 4.41. அக்காவின் தட்டு மாற்றம்."

அரை மணி நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி கீழே எழுதியிருந்தார். "தம்பி, சுவர்ல 4.15. நீங்க 4.41ன்னு போட்டிருக்கீங்க. எது சரி?"

மூளை உள்ளவன் என்றால் அங்கே விழித்திருப்பான். எனக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. இருநூற்றுப் பதினொரு நாளில் என் நிமிடங்களை ஊன்றிப் படித்த முதல் ரசிகை. உடனே பதில் போட்டேன். "4.41 தான் சரி. என் நேரம் ஒரு நிமிடமும் தப்பாது. வீட்டு மணிக்கூட்டை நம்ப வேண்டாம்."

அவர் அத்தையின் தங்கை. அட்டனில் இருக்கிறார். கால் வலியால் வர முடியாமல், வீட்டில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்.

திங்கள் காலை ஆறரைக்கு போன் வந்தது. அத்தை கத்தவில்லை. ராகு காலத்தில் மாறிய தட்டு தட்டே இல்லை, அதிலும் ஏமாற்றி மாற்றியது, நாங்கள் யோசிக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். யோசிப்பது என்றால் என்னவென்று எங்கள் வீட்டுக்கு நன்றாகத் தெரியும். அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

படத்தை எடுத்துவிடச் சொல்லி அக்கா என்னிடம் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கூசுகிறது. முந்நூற்று அறுபத்தைந்தில் ஒன்று குறைந்தால் மொத்தமும் வீண் என்றேன்.

அக்கா திட்டவில்லை. "உனக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு இருக்குடா. எனக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு" என்றாள்.

அந்த நிமிடமே அழித்தேன். அழித்து என்ன பயன், அட்டனிலிருந்து அது ஏற்கெனவே சொந்தக்காரர் போன்களுக்கெல்லாம் போயிருந்தது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு கெலிஓயாவுக்கு பஸ் ஏறினேன். திட்டம் தயாராக இருந்தது. என் போன் இருபத்தாறு நிமிடம் முந்தி ஓடுகிறது, பழுது, சுவர் மணிக்கூடுதான் சரி. பொய்க்கு இடமில்லை என்று திரிந்தவன் பேராதனை வரைக்கும் அந்தப் பொய்யை முணுமுணுத்துப் பழகிக்கொண்டே போனேன். நன்றாகவே வந்தது.

அத்தை கதிரையில் உட்கார்ந்திருந்தார். வாங்க என்றார், உட்காரச் சொல்லவில்லை. நான் மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்தேன். முழுவதையும் கேட்டார்.

"சரி தம்பி. இப்ப மணி என்ன?"

போனைப் பார்த்து, "பத்து அம்பத்திரண்டு அத்தை" என்றேன், பெருமையாக. அவர் தலைக்கு மேலே இருந்த மணிக்கூட்டிலும் 10.52.

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"திங்கக்கிழமை பத்தரையிலருந்து பன்னண்டு வரைக்கும் எமகண்டம். பொய் சொல்ல வந்தாலும் ஒரு நேரம் பாத்து வரக் கூடாதா?" என்றார்.

அதோடு என் கலை, கொள்கை எல்லாம் தீர்ந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டேன். நீங்கள் திரும்பிப் போய்விடுவீர்களோ என்று அக்கா பயந்ததை, அவளே கதிரையில் ஏறி மணிக்கூட்டைத் திருப்பியதை, நான் தெரியாமல் காட்டிக்கொடுத்ததை. சொல்லும்போது அழுதேன் என்று அத்தை ஊரெல்லாம் சொல்கிறார். (கண் கொஞ்சம் கலங்கியது, அவ்வளவுதான்.)

அத்தை முன்னால் சாய்ந்தார். பிறகு கேட்டார். "கதிரையில ஏறினது கோமதியா?"

"ஆமா அத்தை."

"பட்டுச் சேலையோடயா?"

"ஆமா."

"என் மகன் வேணும்னு ஏறினாளா?"

நான் தலையாட்டினேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே திரும்பி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். எமகண்டம் முடியும் வரைக்கும் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு மணி நேரமும் என்னைக் கதிரையில் உட்காரவைத்துப் பிஸ்கட் கொடுத்தார். சரியாகப் பன்னிரண்டு ஐந்துக்கு வாய் திறந்தார்.

"வியாழக்கிழமை காலையில ஒம்போதேகாலுக்கு மறுபடியும் மாத்துவோம். நேரம் சொல்ற வேலை உனக்கு. உங்க வீட்டுல நம்பி மணி கேக்கக்கூடிய ஆளு நீ ஒருத்தன்தான்."

வியாழக்கிழமை வேன் காலை எட்டுக்கே வந்து வாசலில் நின்றது. சபை நடுவில் நான் போனை ஏந்தி நின்று, "ஒன்பது பதினாலு... ஒன்பது பதினைஞ்சு" என்று சொன்னேன். தட்டு மாறியது. அன்றைக்குப் படம் எடுக்க மறந்துவிட்டேன் என்பது மறுநாள் பஸ்ஸில்தான் நினைவுக்கு வந்தது. முந்நூற்று அறுபத்தைந்தில் இரண்டு போச்சு. ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. அக்காவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

ஆனால் அந்த வேலை என்னை விட்டுப் போகவில்லை. இரண்டு குடும்பத்திலும் காது குத்தல், பால் காய்ச்சல், கடை திறப்பு எதுவானாலும் நேரம் சொல்ல என்னைத்தான் நிறுத்துகிறார்கள். ஆறு வருடம் கழித்து என் கல்யாணம். தாலியை இரண்டு கையாலும் எடுத்து மனைவியின் கழுத்தருகே கொண்டுபோன நேரம், முன்வரிசையிலிருந்து அத்தை பழக்கதோஷத்தில், "தம்பி, மணி என்ன?" என்று கேட்டார். நானும் பழக்கதோஷத்தில் கழுத்தைத் திருப்பி மண்டபத்துச் சுவரைப் பார்த்தேன். கமெராக்காரர் அந்த நொடியில்தான் அமுக்கினார்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படம் அது ஒன்றுதான். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி அதை எடுத்துக் காட்டி, "நல்லாப் பாருங்க, இவர் தாலி கட்டினது எனக்கு இல்ல, மண்டபத்து மணிக்கூட்டுக்கு" என்கிறாள்.