ரோஜாச் செடியும் மூன்று டிரெய்லரும்

அன்புள்ள கிரஹாம் அத்தானுக்கு,

நெவில் எழுதுவது. முழங்கால் அறுவை நல்லபடி முடிந்து, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனை ஜெல்லியைச் சகித்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள். இங்கே நாங்கள் நலமில்லை.

மாடுகளுக்கு வைக்கோல் கொண்டுவந்து, என் லாரிக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மூன்று டிரெய்லரிலிருந்தும் கொட்டகையில் இறக்கிவிட்டேன். வழக்கம்போல வீட்டைச் சுற்றி வளைந்து வெளியே போகலாம் என்று பார்த்தால், நான் போன முறை வந்து போனபின் அக்கா அந்த வளைவில் ரோஜா நட்டிருக்கிறாள். மூன்று வருடமாக நீடிக்கும் வறட்சியிலும் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றி வளர்த்த செடிகளாம். குறுக்கே நின்றுகொண்டாள்.

"தலை போன வழில வால் வராதா?"

"வராதுக்கா. திரும்பறப்ப ஒவ்வொரு டிரெய்லரும் முன்னதவிட உள்பக்கமா வெட்டும். மூணாவது நேரா உன் ரோஜா மேலதான்."

"இருபது வருஷமா ஓட்டறேன்னு பீத்திக்கிற, வாலை அடக்கத் தெரியலையா? ஒரு சக்கரம் ஏறட்டும், அப்புறம் நீ என் தம்பியே இல்லடா."

வண்டியைப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். முதல் டிரெய்லர் இடப்பக்கம் போக, இரண்டாவது வலப்பக்கம் போக, மூன்றாவது உங்கள் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டது. ஒவ்வொன்றாகக் கழற்றலாம் என்றால், கோணலாக இறுகிய கொக்கி சம்மட்டிக்கும் அசையவில்லை. முதலாளி ரேடியோவில் கத்துகிறார்: "நாளைக்குச் சாயங்காலம் டென்னன்ட் கிரீக்ல லோடு ஏத்தலன்னா, வண்டிய அங்கயே போட்டுட்டு நடந்து வா!"

அக்கா சோறு போட்டுவிட்டு ரோஜாவுக்குக் காவல் நிற்கிறாள். வேலை போனது போனதுதான். உங்கள் மாடுகளாவது வயிறு நிறைந்து வேலிக்குள் பத்திரமாக இருக்கின்றன என்பதே எனக்கு மிஞ்சிய ஆறுதல். சீக்கிரம் ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வாருங்கள்.

அன்புடன்,
நெவில்

பின்குறிப்பு: எழுதி முடித்ததும் அக்கா குறட்டோடு வந்து எதிரிலிருந்த வேலியை வெட்டிவிட்டாள். "நேராப் போடா, உனக்குத் தெரிஞ்சது அதுதானே." நேராக மாடுகள் நிற்கும் மேய்ச்சல் நிலத்தைக் கடந்து, அதன் கோடியிலுள்ள கேட் வழியாக நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டேன். ரோஜாவில் ஓர் இதழ்கூட உதிரவில்லை, என் வேலையும் பிழைத்தது. எனக்குப் பின்னால் அந்தக் கேட்டைச் சாத்த வேண்டிய அக்கா மட்டும் செடியைப் பார்க்க ஓடிவிட்டாள். டிரெய்லரில் ஒட்டியிருந்த வைக்கோல் வழியெல்லாம் உதிர, உங்கள் மாடுகள் அத்தனையும் பின்னாலேயே வருகின்றன. நின்றால் நிற்கின்றன, நகர்ந்தால் நடக்கின்றன. திருப்பிக் கூட்டிவர இந்த வண்டியைத் திருப்ப இடமில்லை. டென்னன்ட் கிரீக்கில் மாடு வாங்குகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?