வலிக்கு ஒரு அத்தாட்சி

இந்தக் குளிர்காலத்துக்கு ஒரு குச்சி விறகுகூடப் பிளப்பதில்லை என்று நான் தீர்மானம் எடுத்தது கழிப்பறையில். என் பெரிய தீர்மானங்கள் எல்லாம் அங்கேதான் பிறக்கும். எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற ஒரே அறை அது.

கையில் மாத்திரை டப்பாவோடு வந்த துண்டுச் சீட்டு இருந்தது. மடித்தால் தபால்தலை, விரித்தால் போர்வை. எங்கள் குடும்பத்தில் யாரும் இப்படி ஒரு சீட்டைப் படித்தது கிடையாது. தாத்தா இரும்புச் சுரங்கத்தில் வெடி வைத்தார். அப்பா அதே சுரங்கத்தில் லாரி ஓட்டினார். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இப்போது ஊர்ப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். படிப்பால் எனக்குக் கிடைத்த பெரிய பயன், எதையும் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு முறைப்படி பயப்படத் தெரிந்ததுதான். மற்றவர்கள் வாசிக்காமலே தைரியமாக இருந்துவிட்டார்கள்.

அப்பா ஐம்பத்தொரு வயதில் மாரடைப்பில் போனார். அவருடைய கொழுப்பு எனக்கு வந்திருக்கிறது. வேறு சொத்து வரவில்லை. முப்பத்திரண்டு வயதில், கொடிக்கம்பம் மாதிரி இருந்துகொண்டு, கொழுப்பைக் குறைக்க மாத்திரை விழுங்குகிறவன் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான்.

“உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணத்தன்னைக்கே தெரியும். ரத்தத்துலயும் இருக்கும்னுதான் நினைக்கல,” என்றாள் பிரிட்டா.

பிரிட்டா என் மனைவி. ஊர் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, யார் எப்போது வரலாம், எங்கே உட்காரலாம், எப்போது போகலாம் என்று சொல்கிறவள். வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான். சம்பளம் மட்டும் கிடையாது.

சீட்டில், ‘தசை வலி வரலாம்’ என்று போட்டிருந்தது. வாசித்து முடித்தேன். வலது கெண்டைக்காலில் லேசாக ஒரு பிடிப்பு. இதை நான் நேர்மையாகச் சொல்கிறேன்: அந்தப் பிடிப்பு உண்மை. அடுத்து தொடை என்று போட்டிருந்தது, தொடை வலித்தது. தோள் என்றது, தோள் வலித்தது. வருகைப் பதிவு எடுக்கும்போது பிள்ளைகள் எழுந்து நிற்கிற மாதிரி என் உறுப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. மறதியும் வரலாமாம். பிரிட்டாவிடம் காட்டினேன்.

“அது மாத்திரைக்கு முன்னாடியே வந்தாச்சு,” என்றாள்.

அன்று சாயங்காலம் லாரிக்காரன் வந்து, எங்கள் முற்றத்தில் பிர்ச் மர உருளைகளைக் கொட்டிவிட்டுப் போனான். அமெரிக்காவில், மினசோட்டாவின் வடக்குக் கோடியில் அக்டோபர் மாதம் என்றால் அதுதான். அடுப்புக்கும் விறகு வேண்டும், சவுனாவுக்கும் விறகு வேண்டும். சனிக்கிழமை அந்த நீராவி அறையில் உட்கார்ந்து வேகாவிட்டால், எங்கள் ஃபின்லாந்து வம்சத்தார் வாரம் முடிந்ததாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் குவியலைப் பார்த்தேன். என் கெண்டைக்காலை நினைத்தேன். ஒன்றைக் காட்டி மற்றதிலிருந்து தப்பிக்கலாம் என்று கழிப்பறையில் போட்ட கணக்கு சரியாகத்தான் பட்டது.

“விறகு வந்தாச்சு,” என்றாள் பிரிட்டா.

“பாத்தேன்.”

“கோடாரிக்குச் சாணை பிடிச்சு வச்சிருக்கேன்.”

“பிரிட்டா, எனக்கு உடம்பு பூரா வலி. மாத்திரைதான். சீட்டுலயே போட்டிருக்கான்.”

“எங்க வலிக்குது?”

“எங்க வலிக்கலன்னு கேளு.”

“நாக்குல வலிக்கல போலிருக்கு.”

“விளையாடாதப்பா. மாத்திரையை நிறுத்திடலாம்னு பாக்கறேன்.”

பிரிட்டா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கேலி செய்யும்போது நான் பயப்படுவதில்லை. கேலியை நிறுத்தும்போதுதான் பயம்.

“உங்கப்பா போனப்ப உங்கம்மாவுக்கு என்ன வயசு, டேரில்?”

“நாப்பத்தெட்டு.”

“நாப்பத்தெட்டு வயசுல நான் சவுனாவுல தனியா உக்காந்திருக்கப் போறதில்ல. கரோல்கிட்ட கேக்காம ஒரு மாத்திரைகூட நிக்கக் கூடாது.”

கரோல் என்பவர் மருத்துவமனையில் என்னைப் பார்க்கிற மருத்துவர்.

“சரி, கேளு. மாத்திரையாலதான் வலின்னு தெரிஞ்சா?”

“தெரிஞ்சா வேற மாத்திரை குடுப்பாங்க. இந்த வருஷம் நீ கோடாரியைத் தொட வேணாம். மிஷின் வச்சிருக்கிற ஆளைக் கூப்பிட்டுப் பிளந்துக்கலாம்.”

“மாத்திரையால இல்லன்னா?”

“சாணை பிடிச்சிருக்கேன்னு சொன்னேனே.”

ஆக, பந்தயம் தெளிவாக இருந்தது. வலி நிரூபணமானால் குளிர்காலம் முழுக்க சோபா. இல்லாவிட்டால் முற்றத்தில் அந்த மலை.

அடுத்த சில நாட்கள் என் வாழ்க்கையின் பொற்காலம். காபிக் கோப்பையைத் தூக்கும்போது ஒரு சின்ன முனகல். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியோடு ஒரு நீண்ட உரையாடல். ஊறுகாய் ஜாடி மூடியைக்கூட பிரிட்டாதான் திறந்து கொடுத்தாள். கெண்டைக்கால் பிடிப்பு இரண்டாம் நாளே போய்விட்டது என்பதை அவளிடம் சொல்ல ஏனோ சந்தர்ப்பம் அமையவில்லை.

செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டில் இடி விழுந்தது.

“கரோல்கிட்ட பேசிட்டேன். வெள்ளிக்கிழமை ரத்தம் எடுக்கணும்.”

“எதுக்கு ரத்தம்? வலி தசையிலதானே?”

“தசை கெட்டா அதுல இருந்து ஏதோ ஒண்ணு ரத்தத்துல கசியுமாம். நிஜமாவே மாத்திரை தசையைக் கெடுத்திருந்தா அந்த எண் ஏறியிருக்கும். ஒண்ணும் இல்லன்னா எண் சாதாரணமா இருக்கும். பொய்யே சொல்ல முடியாதாம்.”

“யாரு?”

“ரத்தம்.”

வாயிலிருந்த உருளைக்கிழங்கை மெல்லாமல் விழுங்கினேன். பிரிட்டா எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஏதோ நினைவு வந்தவள் மாதிரி சொன்னாள்.

“ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அதுவரைக்கும் நீ கனமான வேலை எதுவும் செய்யக் கூடாது. பாரம் தூக்கறது, வெட்டறது, எதுவும் கூடாது. செஞ்சா நல்ல தசையில இருந்தே அது கசிஞ்சு, எண் தன்னால ஏறிடுமாம். அப்புறம் மாத்திரையா, வேலையான்னு கண்டுபிடிக்க முடியாது. சோபாவை விட்டு இறங்காதே, என்ன?”

“இறங்க மாட்டேன்,” என்றேன். மனசு அப்போதே இறங்கி, சட்டை மாட்டி, வாசல் வரை போய்விட்டது.

யோசித்துப் பாருங்கள். என் வலிக்கு அத்தாட்சி வேண்டும். அத்தாட்சி தயாரிக்கிற செய்முறையையும் அவளே தந்துவிட்டாள். அறிவியல் வாத்தியாரிடம் போய் இதைச் சொல்லலாமா? பாவம், படித்தவனைக் கட்டிக்கொண்டவளுக்கு எச்சரிக்கை உணர்வு வேண்டாமா என்று அவளுக்காக நான் வருத்தப்பட்டேன்.

எங்கே செய்வது என்பதுதான் சிக்கல். குளியலறையில் தண்டால் எடுத்துப் பார்த்தேன். “உள்ள என்ன சத்தம்?” என்றாள். “குனிஞ்சு சோப்பு எடுக்கறேன்.” “அத்தனை சோப்பா?” என்றாள். அதோடு விட்டுவிட்டேன். எங்கள் முற்றத்து விறகில் கை வைக்க முடியாது. குவியல் ஒரு சாண் இறங்கினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ரூடி ஞாபகம் வந்தது. அப்பாவோடு சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு ஓய்வில் இருக்கிறவர். அவருடைய கார் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெரிய உருளைக் குவியல் கிடந்தது. எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து அது தெரியாது. எனக்கு மூன்றரைக்குப் பள்ளி விடும். பிரிட்டா வர ஐந்தரை ஆகும்.

புதன்கிழமை நேராக அங்கே போனேன். ரூடி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“பெரியவரே, உங்க விறகைக் கொஞ்சம் பிளந்து தரட்டுமா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உனக்கு உடம்பு பூரா வலின்னு பிரிட்டா சொல்லிச்சே, தம்பி.”

“வலிதான். அதான் கொஞ்சம் உடற்பயிற்சி.”

“வீட்டுல உன் விறகு கிடக்கே?”

“வீட்டுல பண்ணா பிரிட்டா கவலைப்படுவா. நீங்களும் சொல்லிடாதீங்க.”

“நான் யார்கிட்ட சொல்லப் போறேன்,” என்றார் ரூடி. கோடாரியை எடுத்துக் கொடுத்தார். கையுறையும் கொடுத்தார். எல்லாம் பக்கத்திலேயே தயாராக இருந்தது. கிராமத்து மனுஷர்கள் எவ்வளவு உபகாரிகள் என்று நெகிழ்ந்துபோனேன்.

முதல் உருளை என்னைப் பார்த்துச் சிரித்தது. இரண்டாவது கோடாரியைக் கவ்விக்கொண்டு தர மறுத்தது. “கணுவைப் பாத்து அடிக்காதே. ஓரத்துல அடி,” என்றார் ரூடி, வாளியை விட்டு எழுந்திருக்காமல். ஓரத்தில் அடித்தேன். இரண்டாகத் திறந்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, நன்றாக இருந்தது. இன்னொன்று அடித்தேன். வியாழக்கிழமை என்னை அறியாமல் பாட்டு வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் தாள்களைத் திருத்தி இவ்வளவு ஆனந்தம் அடைந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

“கால் எப்படி இருக்கு, தம்பி?” என்று ரூடி அடிக்கடி கேட்டார்.

“காலுக்கென்ன,” என்றேன்.

“தோள்?”

“அடுத்ததை உருட்டி விடுங்க.”

வியாழக்கிழமை சாயங்காலம் குவியலில் ஒரு உருளை மிச்சமில்லை. வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தேன். இப்போதுதான் வலி வந்தது. சீட்டில் போட்டிருந்த இடமெல்லாம் வலித்தது. போடாத இடங்களும் வலித்தன.

“இன்னைக்கு எப்படி இருக்கு?” என்றாள் பிரிட்டா.

“செத்துடுவேன் போலிருக்கு.” சில நாட்களாக அவளிடம் நான் சொன்ன ஒரே உண்மை அது.

அவள் தைலம் எடுத்துவந்து தோளில் தேய்த்தாள். “தலையில என்ன மரத்தூள்?”

“பள்ளிக்கூடத்துல ஒரு பரிசோதனை.”

“பரிசோதனை நல்லா நடந்துச்சா?”

“முடிவு நாளைக்குத்தான் தெரியும்.”

“ஆமா,” என்றாள், மிருதுவாகத் தேய்த்தபடி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு மருத்துவமனைக்குள் நுழைந்தேன். பரீட்சைக்கு இப்படித் தயாராக நான் கல்லூரியில்கூடப் போனதில்லை. பிரிட்டா மேசையைப் பூட்டி, மேல்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“போலாமா?” என்றாள்.

“ரத்தம் எடுக்கலையா?”

“உன் ரத்தம் உன்கிட்டயே இருக்கட்டும். இன்னைக்கு உனக்கு நேரமே குறிக்கல. சட்டையை இறக்கிவிடு, வெளிய குளிரு.”

காரில் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவள் பதில் சொல்லவில்லை. வீட்டு வாசலில் ரூடியின் பிக்கப் வண்டி நின்றது. ரூடி அதிலிருந்து விறகை இறக்கி, எங்கள் சவுனா சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு. தாளைப் பார்த்ததும் எந்தப் பிள்ளையின் கையெழுத்து என்று சொல்கிறவன் நான். என் கோடாரியின் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

“இது ரூடியோட விறகு,” என்றேன்.

“நம்மளோடது. முற்றத்துல இடம் போதாதுன்னு பாதியை அங்க இறக்கச் சொன்னது நான்தான்.”

“அப்ப அந்தச் சோதனை பொய்யா?”

“சோதனை நிஜம். வேலை செஞ்சா எண் ஏறும்ங்கிறதும் நிஜம். வெள்ளிக்கிழமைதான் பொய். கல்யாணமான நாளா பாக்கறேன், செய்யின்னு சொன்னா நீ செய்ய மாட்டே. செய்யாதேன்னு சொல்லிப் பாத்தேன்.”

“எனக்கு நிஜமாவே வலி இருந்திருந்தா? செத்துக்கித்துப் போயிருந்தா?”

பிரிட்டா காரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். கேலி போயிருந்தது.

“நீ அங்கதான் போவேன்னு தெரியும், அதுக்குத்தான் ரூடியை வாளி மேல உக்கார வச்சேன். மாத்திரை வலின்னா ஒரு உருளைக்கு மேல உன்னால தாங்க முடியாது, அன்னைக்கே கூட்டிட்டு வான்னு கரோல் சொன்னாங்க. நீ ஒரு தடவை முகம் சுளிச்சாலும் எனக்கு போன் பண்ணச் சொல்லியிருந்தேன். ரெண்டு நாளும் போனை மடியிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், டேரில்.”

ரூடி விறகை அணைத்துக்கொண்டு காரின் ஜன்னலுக்கு வந்தார். “பாட்டுப் பாடிட்டுல்ல பிளந்தான். என்னன்னு சொல்லி போன் பண்றது?”

மாத்திரை நல்ல மாத்திரை. அதை இனிமேல் நிறுத்த முடியாது. அதைவிட மோசம், நிறுத்தவேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. இந்த மனுஷியோடு ஐம்பத்தொன்றைத் தாண்டிப் பார்க்கலாம் என்று ஒரு ஆசைகூட வந்தது. அதை அவளிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பிரிட்டா அதற்குள் முற்றத்துக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிச்சப் பாதி இங்க இருக்கு,” என்றாள். “சோதனை அடுத்த வெள்ளிக்கிழமைன்னு வச்சுக்கோ. நீ ரகசியமாவே செய்ப்பா, நான் ஜன்னல் திரையை இழுத்து விட்டுக்கறேன்.”