முரசுக்கு முன்னாடி மன்னிப்பு

அடுத்தவன் காலை மிதிக்கிறவங்கள்ல ரெண்டு ரகம் இருக்கு. "ஐயோ, தெரியாம மிதிச்சுட்டேன்"னு காலை எடுக்கிறவன் ஒரு ரகம். மிதிச்ச காலை எடுக்காம, மிதிக்கிறது எவ்வளவு பெரிய பாவம்னு நின்ன இடத்துலயே கண்ணீர் விட்டுப் பேசுறவன் இன்னொரு ரகம். இந்த ரெண்டாவது ரகத்துக்குப் பேரு மன்னிப்புக்காரர்.

எங்க பெல்ஜியத்து ஆன்ட்வெர்ப் ஊர்ல கல்லை விட்டெறிஞ்சா ஒரு மன்னிப்புக்காரர் மண்டையிலதான் விழும். அவரு திரும்பி நின்னு அந்தக் கல்லுகிட்ட மன்னிப்பு கேப்பாரு. ஆளைக் கண்டுபிடிக்கிறது சுலபம். கறுப்புச் சட்டை, தக்காளி சைசுல கண்ணாடி, கழுத்துல காங்கோ துணி. வாயைத் தொறந்தா முதல் வார்த்தை, "நான் பேச வரல, கேக்க வந்திருக்கேன்." அதுக்கப்புறம் ஊர்ல உள்ள காதெல்லாம் தேயற வரைக்கும் பேசுவாரு.

நம்ம ஜோரிஸ் இருக்காரே, அவரு இந்த ரகத்துக்கே ராஜா. மியூசியத்துல கண்காட்சி வைக்கிறதுதான் வேலை. ஒரு வருஷம் "கலையால விடுதலை"ன்னு ஒரு விழா வெச்சாரு. யாருக்கு விடுதலைன்னு நோட்டீஸ்ல போடல, ஜோரிஸ் போட்டோ மட்டும் போட்டிருந்துச்சு.

அந்த மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு மரமுரசு கெடக்கு. பாட்டன் காலத்துல, காங்கோவை பெல்ஜியம் ஆண்டப்போ, ஒரு அதிகாரி அங்க இருந்து படகுல ஏத்திட்டு வந்தது. முரசு எந்த ஊரோடதோ, அந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்கும் முரசுல ஒரு பேரு உண்டு. வாயால சொல்ற பேரு இல்ல, அடிச்சுக் கேக்குற பேரு. அந்த ஊர்க்காரி ஒடெட், இங்க ட்ராம் ஓட்டுது. ஒரே ஒரு தடவை எங்க வீட்டுப் பேரை அந்த முரசுல அடிச்சுக்கிறேன்னு அது வருஷக்கணக்கா மியூசியத்துக்கு நடையா நடந்துச்சு. கடைசில, விழா அன்னிக்கு மட்டும் பெட்டியைத் தொறக்கறோம், எட்டு மணி அடிச்சா பூட்டிருவோம், அப்புறம் கிடையாதுன்னுட்டாங்க.

ஒடெட் ரெண்டு குச்சியோட முன் வரிசையில உக்காந்துருக்கு. மடியில போனு. போனுக்குள்ள அந்த ஊரே உக்காந்துருக்கு.

ஜோரிஸ் மேடை ஏறி, தொறந்து வெச்ச முரசுப் பெட்டியை மறைச்சு நின்னாரு. "நான் பேச வரல..."

தாத்தாவுக்காக மன்னிப்பு. காங்கோவுல அடிச்சுப் புடுங்குன ரப்பருக்காக மன்னிப்பு. சாக்லேட்டுக்காக மன்னிப்பு. டச்சுல மன்னிப்பு கேக்குறதுக்காக பிரெஞ்சுல மன்னிப்பு, பிரெஞ்சுல கேட்டதுக்காகத் திரும்ப டச்சுல. தன்னோட குரல் மைக்குல கணீர்னு கேக்கக் கேக்க அவருக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு. கண்ணுல பொலபொலன்னு கொட்டுது. கூட்டமும் மூக்கைச் சிந்துது. ஒரு கையில வைன் கிளாஸ் இருக்கறதால ஆளாளுக்குத் தொடையில தட்டிக் கைதட்டுறாங்க.

போனுக்குள்ள இருந்து ஒடெட்டோட சித்தி, "அடியே, யாருடி செத்துட்டா அங்க?"

"யாரும் சாகல சித்தி. அந்த ஆளு வருத்தப்படுறாரு."

"நம்மகிட்டயா?"

"நம்மளப் பத்தி."

"சரி, நான் போய் மீனை இலையில சுத்திச் சுட்டுட்டு வர்றேன்."

மீனு வெந்துச்சு. சித்தி தின்னு கையும் கழுவியாச்சு. "இன்னுமாடி அழுவுறான்? தண்ணி கிண்ணி குடுத்து உக்கார வைங்கடி, மயக்கம் போட்டுறப் போறான்!"

மணியைப் பாத்தா எட்டாகப் போவுது. ஒடெட் பொறுக்க முடியாம மேடை ஏறிருச்சு. "ஜோரிஸ், மன்னிச்சாச்சு. உங்க தாத்தாவை, அவரோட தாத்தாவை, சாக்லேட்டை, எல்லாத்தையும் மொத்தமா மன்னிச்சாச்சு. கொஞ்சம் நகருங்க."

ஜோரிஸ் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. எப்பேர்ப்பட்ட மனசு! ஆனா இவ்வளவு சுலபமா மன்னிப்பு கெடைச்சுட்டா, எழுதி வெச்ச மிச்சத்தை என்ன பண்றது? மைக்கை இன்னும் இறுக்கிப் புடிச்சாரு.

"வேணாம் ஒடெட்! அவசரப்பட்டு மன்னிச்சுராதீங்க. எனக்கு அந்தத் தகுதி இல்ல. ஏன் இல்லன்னா..."

ஏன் இல்லன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள சாவிக்காரன் வந்துட்டான். ஒடெட் குச்சியைத் தூக்கிட்டு ஜோரிஸைச் சுத்தி முரசுகிட்ட ஓடுச்சு. டொக்னு பெட்டி பூட்டிக்கிச்சு. கூட்டம் அதையும் விழாவுல ஒரு பகுதின்னு நெனச்சு எந்திரிச்சு நின்னு தட்டுச்சு, இந்தத் தடவை கிளாஸைக் கீழ வெச்சுட்டு.

"அடிச்சியாடி? ஒண்ணும் கேக்கலையே!"ன்னு சித்தி கத்துது. ஒடெட் போனைக் கவுத்து வெச்சிருச்சு.

ஜோரிஸ் அன்னிக்கு ராத்திரி தூங்கலையாம். தூங்காம யோசிச்சதுல அடுத்த கண்காட்சி கெடைச்சிருச்சு: "அடிக்கப்படாத முரசு." பூட்டுன பெட்டி, பக்கத்துல ஒடெட் பதட்டத்துல விட்டுட்டுப் போன ரெண்டு குச்சி, மேல ஒரு லைட்டு. பரிசு குடுத்தாங்க. வாங்குறப்போ ஒடெட்கிட்ட மன்னிப்பு கேட்டாரு. ஒடெட் அங்க இல்ல, ட்ராம் ஓட்டிட்டு இருந்துச்சு.

நீங்க நல்லா சிரிச்சீங்க, பாத்துட்டுதான் இருந்தேன். ஜோரிஸ் சட்டை என்ன கலரு, கண்ணாடி என்ன சைசு, எதெதுக்கு அழுதாரு, கேட்டா வரிசையா சொல்லுவீங்க. ஒடெட் வீட்டுப் பேரு அந்த முரசுல எப்படித்தான் கேக்கும்னு ஒரு தடவையாச்சும் நெனச்சீங்களா?

அட, முகத்தைத் தொங்கப் போடாதீங்க. மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம். காலை மட்டும் எடுங்க.