ஆப்பிரிக்காவை உறிஞ்சியவன்

என் வாழ்க்கையின் தப்புகளில் முக்கால்வாசி, "ரெண்டையும் ஒண்ணா முடிச்சுடலாம்" என்று நான் வாயைத் திறந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கின்றன. கிரகப்பிரவேசத்தன்றே சோபா டெலிவரியையும் வைத்தவன் நான். (பால் காய்ச்சுவதற்கு முன்பே சோபா வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்துவிட்டது.) இரண்டாம் உலகப் போரில் நான் இறங்கியதும் இப்படித்தான்.

டெக்சஸில் ஃபிரிஸ்கோவுக்கு வந்த மூன்றாவது வருஷம். எட்டாவது படித்த மகள் ஆதிராவுக்குப் பள்ளியில் வரலாற்று ப்ராஜெக்ட். உலகப் போரின் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அன்று எந்த முனையில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒரு பெரிய பலகையில் காட்ட வேண்டும். ரஷ்யாவில் பனி, அட்லாண்டிக்கில் கப்பல்கள், வட ஆப்பிரிக்காவில் மணல், பர்மாவில் நம் ஊர்ச் சிப்பாய்கள் ஒளிந்திருந்த காடு. ஆறு வாரம் கராஜில் உட்கார்ந்து படித்துப் படித்துச் செய்தாள். நன்றாக வந்தால் மாவட்டப் போட்டிக்கு அனுப்புவார்கள். அந்தப் பெண் அதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை.

அதே வாரம் நவராத்திரி. கொலுப்படிக்கு முன்னால் வருஷா வருஷம் என் மனைவி மாலா ஏதாவது ஒரு காட்சி வைப்பாள். அந்த வருஷம் ஆபீஸ் வேலையில் அவளுக்கு நேரமில்லை. நான் பலகையைப் பார்த்தேன், படியைப் பார்த்தேன், வாயைத் திறந்தேன்.

"சண்டைய வச்சு யாராவது கொலு வைப்பாங்களா?" என்றாள் மாலா.

"அம்பாளே ஒன்பது நாள் சண்டை போட்டவதானே?"

"என்னமோ பண்ணுங்க," என்று மாலா லேப்டாப்புக்குத் திரும்பிவிட்டாள். அவளை நான் வாதத்தில் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அந்த மிதப்பில் மூளை கழன்றுவிட்டது.

பலகை வந்து உட்கார வேண்டிய ஹாலில் கார்ப்பெட். "உள்ள மணல் வந்துச்சு, நீங்க வெளிய போயிடுவீங்க" என்று மாலா எச்சரித்தாள். ஆதிரா பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் நான் பலகையிலிருந்த மணலைத் தட்டிக் கொட்டிவிட்டு, நிறம் பொருந்துகிறதே என்று இரண்டு பாக்கெட் நாட்டுச் சர்க்கரையைப் பரப்பிவிட்டேன். சகாரா அச்சு அசல். டாங்கிகள் அதில் புதைந்து நின்ற அழகே அழகு.

வியாழக்கிழமை காலை ஆதிரா கேட்டாள்: "அப்பா, இட்ஸ் டியூ டுமாரோ. எப்படி எடுத்துட்டுப் போறோம்?"

"எடுத்துட்டுப் போறதா?" மாலா அடுப்படியிலிருந்து வந்தாள். "வச்ச கொலுவ விஜயதசமி முடியாம ஒரு இஞ்ச் நகர்த்தக் கூடாது. ஏங்க, இது கூடத் தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். ஆனால் ஞாபகம் வரவில்லை. விஜயதசமிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

ஆதிராவின் கண் நிரம்பியது. நான் டீச்சருக்கு ஈமெயில் போட்டேன்: "எங்கள் மத வழக்கப்படி அடுத்த வியாழன்வரை உலகப் போரை இடம் மாற்ற இயலாது." நல்ல மனுஷி. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தானே வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. சனிக்கிழமைதான் நாங்கள் நாற்பது பேரைக் கொலுவுக்கு அழைத்திருந்தோம்.

"நல்லதாப் போச்சு," என்றேன் நான். "ரெண்டையும் ஒண்ணா..."

சனிக்கிழமை பதினொன்றே காலுக்குப் பார்க்கிறேன், சகாரா நகர்கிறது. டெக்சஸ் எறும்பு! ஜன்னல் ஓரமாக வரிசை கட்டி வந்து, எந்த ராணுவமும் பிடிக்காத வேகத்தில் ஆப்பிரிக்காவைப் பிடித்திருந்தது. மாலா குளித்துக்கொண்டிருந்தாள். நான் வாக்குவம் கிளீனரின் குழாயைத் தூக்கினேன்.

எறும்பு போனது. பின்னாலேயே பாலைவனம் போனது. டாங்கிகள் கடகடவென்று உள்ளே போயின. பதறிப்போய்க் குழாயைத் திருப்பினால், அட்லாண்டிக்காக இருந்த நீல ரவிக்கைத் துணியை அதன் வாய் கவ்விக்கொண்டது. கப்பல்கள் கவிழ்ந்தன, ரஷ்யாவின் பஞ்சுப் பனி பறந்தது. ஒரு நாள் யுத்தத்தை ஒன்றரை நிமிஷத்தில் முடித்தேன். பர்மா மட்டும் மிச்சம்.

"நகர்த்தக் கூடாதுன்னுதானே சொன்னேன்," என்றாள் தலையில் துண்டோடு வந்து நின்ற மாலா. "நீங்க உறிஞ்சிட்டீங்க!"

காலிங் பெல் அடித்தது. முதலில் வந்தவர் பக்கத்துத் தெரு ராஜி ஆன்ட்டி. ரிட்டயரான ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ். நிலைமையைப் பார்த்ததும் கைப்பையைக் கீழே வைத்தார். கூட வந்த நாலு பேரும் குனிந்தார்கள். வறுத்த ரவையில் புது ஆப்பிரிக்கா, தேங்காய்த் துருவலில் புது ரஷ்யா. கீழே கிடந்த சிப்பாய்களைத் துடைத்துத் துடைத்து நிறுத்தினார்கள்.

"ஆன்ட்டி, ஜெர்மன்காரன் அந்தப் பக்கம் பாக்கணும்," என்றேன்.

"யாரு யாரோட சண்டைங்கறத அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. கொலுவுல நிக்கறவன் முதல்ல சாமியப் பாத்து நிக்கட்டும்."

டீச்சர் வந்தபோது எல்லா நாட்டுப் படைகளும் ஒரே வரிசையில், ஒரே திசையில், அம்பாளைப் பார்த்து அமைதியாக நின்றன. ஆதிரா பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எறும்பே தேவலை.

"மை டாட் வாக்குவம்ட் ஆப்பிரிக்கா," என்றாள் டீச்சரிடம். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, எதையும் தொடாமல், விரலால் காட்டிக் காட்டி, அன்று விடிந்ததிலிருந்து யார் எங்கே நின்றார்கள், எங்கே விழுந்தார்கள் என்று பேப்பரே பார்க்காமல் சொன்னாள். பர்மாவுக்கு வந்தபோது ஹாலில் சுண்டல் மெல்லும் சத்தம்கூட இல்லை.

மார்க் முழுசாகக் கிடைத்தது. பலகை மாணவி செய்தபடி இல்லை என்பதால் மாவட்டப் போட்டி போய்விட்டது. டீச்சர் குங்குமமும் சுண்டலுமாகச் சந்தோஷமாகத்தான் கிளம்பினார். ஆதிரா என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. விஜயதசமியன்று, கொலுவை முடிக்க ஒரு பொம்மையைப் படுக்க வைக்கும்போது, என்னைக் கேட்காமலே செட்டியார் பொம்மையை எடுத்தாள். (தொப்பை என்னுடையது மாதிரியே இருக்கும்.) குப்புறப் படுக்க வைத்தாள்.

இப்போது காலேஜுக்கு அப்ளை பண்ணிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் டின்னரில் சொன்னேன்: "ஹூஸ்டன் காலேஜப் பாக்கப் போறப்பவே அங்க இருக்கற கல்யாண ரிசப்ஷன்லயும் தலையக் காட்டிட்டு வந்துடலாம், ரெண்டையும்..."

இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், சுத்தமான தமிழில் சொன்னாள்:

"அப்பா. ஆப்பிரிக்கா."