தட்டுக் கம்பெனி தூசியண்ணன்

முறைத்துப் பார்த்தே தூசியைத் தரையிறக்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான்: மலையாள எல்லையோரத்து எருத்தேன்பதித் தூசியண்ணன். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. ரேஷன் கடைக்காரரைத் தவிர யாருக்கும் அது ஞாபகமில்லை.

கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இருந்தவர், கெட்டுப்போன டிஸ்க் டிரைவ்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, "இதை நாமளே பண்ணுனா என்னங்க?" என்று ஊர் திரும்பிவிட்டார். தோட்டத்தில் கொப்பரை போட்டுவைக்கும் அறையைக் காலி செய்து, வழவழவென்று பெயின்ட் அடித்து, காற்றை வடிகட்டி விடும் மெஷினை மாட்டி, வெளியிலிருந்து பாகங்களை வரவழைத்துக் கம்பெனி ஆரம்பித்தார்.

டிரைவுக்குள் சுற்றும் தட்டின்மேல் துளித் தூசி விழுந்தாலும் போச்சு. அதனால் வேலைக்குச் சேர்ந்த எங்களை, ஊர்ப் பெண்களை, அவர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. பவுடர் கூடாது. பூ கூடாது. தும்மல் வந்தால் தோப்பின் எல்லைக்குப் போய்த் தும்மிவிட்டு வர வேண்டும். மகளைப் பெண் பார்க்க வந்த பையன் ஆசையாகக் கம்பெனியைப் பார்க்கக் கேட்டதற்கு, "மூஞ்சி கழுவிட்டு வாங்க மாப்ள" என்றார். பவுடர் போன பிறகும் அந்தச் சம்பந்தம் கூடியது பெண்ணின் அதிர்ஷ்டம்.

டிஸ்க் என்று சொல்லமாட்டார். "தட்டுன்னா தட்டுதானுங்க, அதுக்கெதுக்கு இங்கிலீஷு?" என்பார். போர்டிலும் 'தட்டுக் கம்பெனி' என்றே எழுதினார். கல்யாண வீட்டுக்காரர்கள் எவர்சில்வர் தட்டு கேட்டு வர ஆரம்பித்தார்கள். இல்லை இல்லை என்று விரட்டியே அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

எங்கள் டிரைவ்கள் அருமையாக ஓடின, வாங்கத்தான் ஆளில்லை. அப்போதுதான், படம் பதிந்துவைக்க டிரைவ் தேடிய, கண்காணிப்புக் கேமரா விற்கும் கொச்சிக் கம்பெனி ஒன்றிலிருந்து ஓர் அதிகாரி பார்க்க வருவதாகச் சேதி வந்தது. அவர் சரி என்றால் பிழைத்தோம். இல்லையென்றால் அது மறுபடி கொப்பரை அறை, நாங்கள் மறுபடி கடலைக் காடு.

வந்தவர் டீக்கடையில் வழி கேட்டிருக்கிறார். கடைக்காரர் அக்கறையாக, "தட்டுக் கம்பெனிங்களா? நல்ல மனுசனுங்க. ஆனா காசக் கையில குடுத்தாலும் ஒரு தட்டு தரமாட்டாருங்க" என்றிருக்கிறார். மலையாளத்தில் தட்டிப்பு என்றால் மோசடி. "தட்டிப்போ?" என்று அதிகாரி திகைக்க, "ஆமாங்க, தட்டுதான்" என்று கடைக்காரர் தலையாட்ட, அடுத்து வேறு ஊருக்குப் பறக்கவிருந்த அதிகாரியின் கார் கோயமுத்தூர் விமான நிலையத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டது.

கடைக்காரர் போன் போட்டார். "ஏனுங்ணா, தட்டிப்புன்னு என்னமோ சொல்லிட்டு வாளையார் பக்கம் போறாருங்க."

தூசியண்ணன் வெள்ளை அங்கி, தொப்பி, முகமூடியோடு அப்படியே வெளியே பாய்ந்தார். "அம்மிணி, ஒரு டிரைவ எடுத்துட்டு ஏறு." மொபெட்டில் பின்னால் நான், மடியில் டிரைவ். வாளையார் செக்போஸ்ட்டில் லாரி வரிசையில் கார் மாட்டிக்கொண்டு நின்றது. சிமென்ட் லாரிகளுக்கு நடுவே புகுந்து போய்ச் சேர்வதற்குள் எங்களுக்குப் புருவம்வரை சாம்பல் பூத்துவிட்டது.

கார்க் கண்ணாடியைத் தட்டினார். "சார், இது தட்டிப்பில்லீங்க, தட்டுங்க." அதிகாரி பயந்தபடி கண்ணாடியை இறக்கினார். நான் டிரைவை நீட்டினேன். அவர் வாங்கப் போன நேரத்தில் தூசியண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"தொடாதீங்க சார். உங்க கையில தூசி இருக்குது."

தொலைந்தது பிழைப்பு என்று நினைத்தேன். சிமென்ட் மூட்டை மாதிரி நின்றவரை அதிகாரி மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்த முடியவில்லை. "சேட்டா, ஞான் கை கழுகாம். கம்பெனி காணிக்கு" என்றார். கை கழுவிக்கொள்கிறேன், கம்பெனியைக் காட்டு என்று அர்த்தம்.

இன்றைக்குக் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் கம்பெனிக்குச் சொந்தக் கட்டடம். அன்று அவர் போட்டிருந்த அங்கியை நாங்கள் துவைக்கவிடாமல், சிமென்ட் தூசியோடு வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டிவிட்டோம். "கருமம், அதைத் துவைங்கம்மிணி" என்று போகும்போதும் வரும்போதும் திட்டுவார்.

வேலையை விட்டு வெகுநாள் கழித்துப் போன மாதம் அங்கே போயிருந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தூசியண்ணன் அந்தப் பெட்டியின் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். வெளிப்பக்கம் மட்டும். எனக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பவுடர் பூசியிருந்ததால் தள்ளியே நின்றேன்.